கண்ணாடிக்குள் வில் சிறியதாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அலைமுகப்பு (அலையின் முன்விளிம்பாக நகரும் கோடு) பற்றி வந்த கட்டுரையை, அல்சூர் பகுதியில் இயற்பியல் சொல்லித்தரும் நாங்கள் சிலர் சேர்ந்து படித்தோம். பாடத்தை ஆங்கிலத்தில் படித்துவிட்டு அதன் பொருளைத் தமிழில் தேடும் பியூசி (பிளஸ் ஒன், பிளஸ் டூ) மாணவர்கள் பெங்களூரில் நிறைய. அவர்களுக்கு இப்படி ஒரு கட்டுரை பெரிய உதவி. அதனாலேயே அதில் இருக்கும் பிழையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழைவதைக் காட்டும் படத்தில், கண்ணாடிக்குள் ஒளி பரவிய தூரத்தைக் காட்டும் வில்லின் ஆரம், அதே நேரத்தில் காற்றில் ஒளி கடந்த தூரத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அந்தப் படத்தை நம்பினால் கண்ணாடிக்குள் ஒளி வேகமாகப் போகிறது என்றாகிவிடும். கதிரும் செங்குத்துக் கோட்டை விட்டு விலகி வளையும். நடப்பதோ நேர்மாறு.

இது உங்கள் ஓவியர் மட்டும் செய்யும் தவறல்ல. பிள்ளைகளின் நோட்டுகளிலும் ஆண்டுதோறும் இதே தவறு வருகிறது. அளந்து வரையாமல் கண்பார்வைக்கு வரைவதுதான் காரணம். வில் எங்கிருந்து வந்தது, அதன் ஆரம் ஏன் அந்த அளவு என்று கேட்காமல், வளைவாக ஒன்றைப் போட்டு அதைத் தொட்டாற்போல் ஒரு கோட்டையும் இழுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் படத்தில் இயற்பியல் இருக்கும் ஒரே இடம் அந்த ஆரம்தான்.

அளந்து வரைவது கடினமே இல்லை. ஏ4 தாளைக் குறுக்காக வைத்து நடுவில் நீளமாக ஒரு கிடைக்கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே காற்று, கீழே கண்ணாடி. கோட்டின்மேல் 8.5 செ.மீ. இடைவெளி விட்டு இடப்பக்கம் 'அ', வலப்பக்கம் 'இ' என்று இரண்டு புள்ளிகள். இரண்டிலிருந்தும் மேல்நோக்கி, ஒன்றை ஒன்று பார்த்தபடி 45 டிகிரியில் கோடுகள் இழுத்தால் அவை 'ஆ' என்ற புள்ளியில் செங்கோணமாகச் சந்திக்கும். அளந்து பார்த்தால் ஆ-விலிருந்து இ வரை 6 செ.மீ. வரும். அ-வையும் ஆ-வையும் சேர்க்கும் கோடுதான் வந்துகொண்டிருக்கும் அலைமுகப்பு. அதன் கீழ்முனை கண்ணாடியைத் தொட்டுவிட்டது. மேல்முனை இன்னும் 6 செ.மீ. காற்றைக் கடந்து இ-க்கு வர வேண்டும். அது வந்து சேரும் நேரத்துக்குள் அ-விலிருந்து வட்டமாகக் கிளம்பிய சிற்றலை (அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பரவும் சிறு அலை) கண்ணாடிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5, அதாவது காற்றில் ஒளியின் வேகம் கண்ணாடியில் இருப்பதைப் போல 1.5 மடங்கு என்று கொண்டால், 6-ஐ 1.5-ஆல் வகுக்க வேண்டும்: 4 செ.மீ. காம்பஸை அ-வில் ஊன்றி, 4 செ.மீ. ஆரத்தில், கோட்டுக்குக் கீழே வில்லைப் போடுங்கள்.

அடுத்து இ-யிலிருந்து அந்த வில்லுக்குத் தொடுகோடு. இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கும். ஸ்கேலை நகர்த்தி, 'தொடுகிற மாதிரி' தெரியும் இடத்தில் கோடு போடுவார்கள். கோணம் மூன்று நான்கு டிகிரி தப்பிவிடும். துல்லியமாக வேண்டுமென்றால் அ-வுக்கும் இ-க்கும் நடுப்புள்ளியில் காம்பஸை வைத்து 4.25 செ.மீ. ஆரத்தில் கீழே ஓர் அரைவட்டம் போடுங்கள். அது முதல் வில்லை வெட்டும் இடத்தை 'ஈ' என்போம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால், இ-ஈ கோடு வில்லுக்குச் சரியான தொடுகோடாக அமைந்துவிடும். அதுவே கண்ணாடிக்குள் பிறந்த புதிய அலைமுகப்பு. பரப்புக்கும் அதற்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்தால் 28 டிகிரி வரும். 45-இன் சைன் மதிப்பை 28-இன் சைன் மதிப்பால் வகுத்தால் 1.5. இந்த இரண்டு கோணங்களையும் இணைக்கும் ஸ்நெல் விதியை எங்கேயும் எழுதாமலேயே அது படத்திலிருந்து வந்து நிற்கிறது.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு வில்லும் போடச் சொல்லுங்கள். பழைய அலைமுகப்பின் நடுப்புள்ளி 3 செ.மீ. காற்றில் வந்து, பரப்பின் நடுப்புள்ளியைத் தொடுகிறது. மீதி நேரம் காற்றில் 3 செ.மீ. போகும் அளவு, கண்ணாடியில் அது 2 செ.மீ. பரப்பின் நடுப்புள்ளியில் காம்பஸை ஊன்றி 2 செ.மீ. வில் போட்டால், அதுவும் அதே இ-ஈ கோட்டைத் தொட்டுக்கொண்டு போகும். கால் பங்கில், முக்கால் பங்கில் எங்கே எடுத்துச் செய்தாலும் அப்படித்தான். சிற்றலைகள் எல்லாவற்றையும் ஒரே கோடு தொடுகிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே காணும் இடம் இது. ஒரே ஒரு வில் போட்ட படத்தில் இது தெரியவே தெரியாது. உங்கள் படத்திலும் ஒரு வில்தான் இருந்தது.

இதே படத்தைத் தலைகீழாக, கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போவதாக வரைந்தால் இன்னும் அருமையான ஒன்று கிடைக்கும். இப்போது கண்ணாடிக்குள் மேல்முனை கடக்க வேண்டிய தூரம் 4 செ.மீ. என்றால், காற்றில் போட வேண்டிய வில்லின் ஆரம் 6 செ.மீ. படும் கோணத்தைக் கூட்டக் கூட்ட அ-வுக்கும் இ-க்கும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அது 6 செ.மீ.-க்குக் கீழே போனதும் இ என்ற புள்ளி வில்லுக்கு உள்ளே மாட்டிக்கொள்கிறது. வட்டத்துக்கு உள்ளிருக்கும் புள்ளியிலிருந்து அந்த வட்டத்துக்குத் தொடுகோடு போட முடியாது. ஆக, காற்றில் புதிய அலைமுகப்பு உருவாக வழியில்லை. ஒளி முழுவதும் உள்ளேயே திரும்புகிறது. அந்த எல்லைக்கோணத்தின் சைன் மதிப்பு, 4-ஐ 6-ஆல் வகுத்தால் வருவது; கோணம் 41.8 டிகிரி. முழு அக எதிரொளிப்பைத் தனியொரு விதியாக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணாடிக்குள் வில் சிறியதா பெரியதா என்பது வரலாற்றிலும் பெரிய வழக்காகவே இருந்தது. சிற்றலைகளைக் கொண்டு இப்படி வரையும் முறையைத் தந்த டச்சு அறிஞர் ஹைகென்ஸ், தம் அலைக் கொள்கையை 1678-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் எடுத்துரைத்தார். நூலாக அது 1690-இல் லைடனில் அச்சானது. அடர்ந்த ஊடகத்தில் ஒளி மெதுவாகப் போனால்தான் அவருடைய படம் சரிவரும். நியூட்டனின் துகள் கொள்கைக்கோ அங்கே ஒளி வேகமாகப் போக வேண்டும். 1850-இல் ஃபூக்கோ சுழலும் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, தண்ணீரில் ஒளி காற்றைவிட மெதுவாகவே செல்கிறது என்று காட்டிய பிறகுதான் இந்த வழக்கு தீர்ந்தது. ஆகையால் வில்லைப் பெரிதாகப் போடுவதைச் சின்ன ஓவியப் பிழை என்று தள்ளிவிட முடியவில்லை.

கட்டுரையில் எங்களை உறுத்திய இன்னொரு வாக்கியமும் உண்டு. 'அலைமுகப்பின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் சிற்றலைகளை அனுப்புகிறது. அவற்றின் முன்பக்கத் தொடுகோடே புதிய அலைமுகப்பு' என்று எழுதி, அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். எல்லாத் திசையிலும் என்றால் பின்னாலும்தானே? பின்பக்கத் தொடுகோடு எங்கே போயிற்று? இதைக் கேட்கும் பிள்ளைக்கு, 'பின்பக்கத்தை விட்டுவிட வேண்டும்' என்பதைத் தவிர வேறு பதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஹைகென்ஸிடமும் இதற்குச் சரியான பதில் இருக்கவில்லை. சீரான கால இடைவெளியில் ஏறி இறங்கும் அலையாக அவர் ஒளியைக் கருதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரும் தட்டல்களாகவே பார்த்தார். தனித்தனிச் சிற்றலை மிக வலுவற்றது, பல சேரும் பொதுத் தொடுகோட்டில் மட்டுமே விளைவு தெரியும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அந்த இடைவெளியை இரண்டு பேர் நிரப்பினார்கள். 1818-இல் ஃபிரெனல், சிற்றலைகள் ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்தார். மேடும் மேடும் சேர்ந்தால் கூடும்; மேடும் பள்ளமும் சேர்ந்தால் அழியும். அகன்ற அலைமுகப்பிலிருந்து சாய்வான திசையில் போகும் சிற்றலைகளில், ஒவ்வொன்றுக்கும் அரை அலைநீளம் பிந்தி வரும் இணை ஒன்று இருக்கும். ஜோடி ஜோடியாக அவை அழிந்துவிடும். நேர்முன்னே மட்டும் எல்லாம் ஒத்துச் சேரும். இது சரியென்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவே வெளிச்சப் புள்ளி வர வேண்டுமே என்று பாய்சான் மறுப்பாகக் கேட்டார். அரகோ சோதித்துப் பார்த்தார், புள்ளி இருந்தது. இதை இன்றைக்கு வீட்டிலேயே செய்யலாம். 4 மி.மீ. பேரிங் குண்டு ஒன்றைக் காந்தமேற்றிய ஊசியின் முனையில் ஒட்டவைத்து, சிறு லென்ஸால் விரித்த சிவப்பு லேசர் ஒளியை அதன்மேல் விழச்செய்து, 2 மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில் நிழலைப் பார்க்க வேண்டும். பசைபோட்டு ஒட்டினால் பசை ஓரத்தில் பிதுங்கி, வட்டம் கெட்டு, புள்ளி மறைந்துவிடும். துருப்பிடித்த குண்டும் உதவாது. லேசரை யாரும் நேராகக் கண்ணில் வாங்கிவிடக் கூடாது. குண்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியையும் உற்றுப் பார்க்கக் கூடாது.

பின்னோக்கிய அலை ஏன் இல்லை என்பதற்குக் கணித முறையில் விடை தந்தவர் கிர்ச்சாஃப், 1882-இல். அவர் கண்ட கணக்கின்படி சிற்றலையின் வீச்சு எல்லாத் திசையிலும் ஒன்றல்ல. முன்னோக்கிய திசையிலிருந்து விலகும் கோணத்தின் கொசைன் மதிப்போடு 1-ஐக் கூட்டி, 2-ஆல் வகுத்தால் வரும் பங்குதான் அந்தத் திசைக்கு உரியது. நேர்முன்னே 1, பக்கவாட்டில் பாதி, நேர்பின்னே பூஜ்யம். சூத்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு இதுவும் இன்னொரு மனப்பாடம்தான். அதனால் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டிய கயிற்றின் நடுவில் ஓர் இடத்தைத் தூக்கிப் பிடித்து, அசையாமல் நிறுத்தி, விட்டுவிடுங்கள். மேடு இரண்டாகப் பிரிந்து, பாதி உயரத்தில் ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் ஓடும். ஆனால் வலப்பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மேடு அப்படிப் பிரிவதில்லை. இரண்டையும் அந்தக் கணத்தில் படம் எடுத்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் கயிற்றின் வேகத்தில் இருக்கிறது. ஓடும் மேட்டின் முன்சரிவில் கயிறு ஏறிக்கொண்டிருக்கிறது, பின்சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. நிறுத்திவைத்த மேட்டில் அந்த அசைவே இல்லை. இடப்பெயர்ச்சி மட்டும் இருந்தால் அது இரண்டு பக்கமும் சமமாக அலையை அனுப்பும். வேகத்தால் வரும் பங்கோ முன்னே ஒரு குறியும் பின்னே எதிர்க்குறியும் கொண்டது. முன்னே இரண்டும் கூடுகின்றன, பின்னே இரண்டும் கழிந்துவிடுகின்றன. சூத்திரத்தில் இருக்கும் 1-உம் கொசைனும் இப்படிப்பட்ட இரண்டு பங்குகள்தான். ஹைகென்ஸ் படம் அலையின் வடிவத்தை மட்டும் காட்டுகிறது, அசைவைக் காட்டுவதில்லை. பின்பக்க வில்லை நாம் அழிப்பது அதனால்தான்.

இதையெல்லாம் தாளில் பார்ப்பதோடு தண்ணீரிலும் பார்க்க வேண்டும். பள்ளிகளில் சிற்றலைத் தொட்டி இருந்தாலும் அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பது வழக்கமாகிவிட்டது. செய்வதற்கு அது அவ்வளவு பெரிய பொருளும் அல்ல. 45 செ.மீ. சதுரமாக, 5 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி, சுற்றிலும் 4 செ.மீ. உயர மரச்சட்டம், மீன்தொட்டிக்குப் பூசும் சிலிக்கான். பூசியபின் ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் மூலையில் ஒழுகும். தொட்டியைத் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் கால்கள் மேல் நிறுத்தி, கீழே வெள்ளைச் சார்ட் தாள் விரிக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் ஒற்றை எல்இடி டார்ச். டியூப்லைட்டோ பல விளக்குகள் உள்ள பேனலோ கூடாது. ஒவ்வொரு விளக்கும் தனி நிழல் போட்டு எல்லாம் கலங்கிவிடும். அலையின் மேடு குவிலென்ஸ் போல ஒளியைக் குவித்துத் தாளில் வெள்ளைக் கோடாகக் காட்டும். பள்ளம் கறுப்புக் கோடாக விழும். இந்த அமைப்பில் தாளில் தெரியும் அலைநீளம் உண்மையைப் போல இரண்டு மடங்கு. அளந்ததைப் பாதியாக்காமல் வேகத்தைக் கணக்கிட்டு, விடை இரட்டிப்பாக வருகிறது என்று குழம்பும் பிள்ளைகள் அதிகம்.

தண்ணீர் 6 மி.மீ. ஆழம் போதும், இந்த அளவுத் தொட்டிக்குச் சுமார் 1.2 லிட்டர். நான்கு மூலையிலும் ஸ்கேலை வைத்து ஆழம் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே அலையின் வேகம் மாறி, நேர் அலைமுகப்பு தானாகவே வளையும். காலுக்கு அடியில் மடித்த அட்டை கொடுத்துச் சரிசெய்யலாம். சுவரில் மோதித் திரும்பும் அலைகள் பெரிய தொல்லை. கொசுவலைத் துணியை நான்கைந்து மடிப்பாக மடித்து ஓரங்களில் சரிவாகப் போட்டால் அலை அங்கேயே அடங்கும். விரல் எண்ணெய் பட்ட தண்ணீரில் சிற்றலை சீக்கிரமே செத்துவிடும். ஆகையால் கண்ணாடியைச் சோப்பால் கழுவி, நன்றாக அலசிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

முதலில் மோட்டார் எதுவும் வேண்டாம். விரல் தடிமனில் உருண்டையான மரக்கம்பு ஒன்றைத் தண்ணீரில் கிடத்தி, உள்ளங்கையால் ஒரே ஒரு தடவை முன்னால் உருட்டி நிறுத்தினால் நேரான அலைமுகப்பு ஒன்று கிளம்பும். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து ஒரு துளி விட்டால் வட்ட அலைமுகப்பு. தொடர் அலை வேண்டுமென்றால் பெங்களூர் எஸ்பி ரோடு மின்னணுக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் கியர் மோட்டார், நிமிடத்துக்கு 1,000 சுற்றுள்ளது, அதோடு ஒரு வேகக் கட்டுப்பாட்டு அட்டை. மோட்டாரின் தண்டில் ஒருபக்கமாக நட்டு ஒன்றைப் பூட்டி, மோட்டாரை 30 செ.மீ. மரப்பட்டையில் கட்டி, பட்டையை ரப்பர் பேண்டில் தொங்கவிட வேண்டும். பட்டையின் அடிவிளிம்பு தண்ணீரை மட்டுமட்டாகத் தொட்டால் போதும். பொம்மைக் காரில் வரும் மோட்டாரைப் போட்டால் அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி, கண்ணுக்கே தெரியாத நடுக்கத்தைத்தான் தரும். நமக்கு வேண்டியது நொடிக்கு 10 முதல் 15 அதிர்வு. கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், 24 படத்துக்கு ஓர் அலை கடந்தால் அது நொடிக்கு 10. கரண்டில் எரியும் எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை மினுக்கி வீடியோவைக் கெடுக்கும் என்பதால் பேட்டரி டார்ச்சே நல்லது.

நொடிக்கு 10 அதிர்வில் இந்த ஆழத்தில் அலைநீளம் ஏறத்தாழ 2.3 செ.மீ. வரும். இப்போது கண்ணாடித் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள், அதன் விளிம்பு அலைமுகப்புக்கு 45 டிகிரி சாய்ந்திருக்கும்படி மட்டமாகக் கிடத்தி, அதன்மேல் தண்ணீர் 1.5 மி.மீ. மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். அங்கே அலைநீளம் 1.65 செ.மீ. அளவுக்குச் சுருங்கும். 45 டிகிரியில் வந்த அலைமுகப்பு துண்டின் மேல் ஏறியதும் 31 டிகிரிக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். தாளில் வரைந்த படமே தண்ணீரில் ஓடுகிறது. பலருக்கு இது கைகூடாமல் போவதற்குக் காரணம், துண்டின் மேல் 4 மி.மீ. தண்ணீர் விட்டுவிடுவது. அவ்வளவு ஆழத்தில் அந்தச் சிற்றலைக்கு அடித்தரை இருப்பதே பெரிதாகத் தெரியாது. வேகம் லேசாகத்தான் மாறும். 1 மி.மீ.-க்குக் கீழே போனாலும் ஆபத்து: துண்டின் மேல் தண்ணீர் திட்டுத்திட்டாக ஒதுங்கிவிடும், அலையும் சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும்.

அடுத்து இடைவெளி. இரண்டு அலுமினியப் பட்டைகளை நேர்க்கோட்டில் நிறுத்தி, நடுவே 10 செ.மீ. விட்டால் அலை கிட்டத்தட்ட நேராகவே போய், ஓரங்களில் மட்டும் வளையும். 5 செ.மீ. ஆக்கினால், பட்டையிலிருந்து 11 செ.மீ. தாண்டிய பிறகு, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 27 டிகிரியில் தண்ணீர் அமைதியாகத் தெரியும். அலைநீளத்தை இடைவெளியால் வகுத்தால் வரும் எண்ணைச் சைன் மதிப்பாகக் கொண்ட கோணம் அது. இடைவெளியை 2 செ.மீ.-க்குக் குறைத்தால் அமைதியான இடமே இல்லை, முழு அரைவட்டம். ஒற்றைச் சிற்றலை ஒன்றைக் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் நாம் போக முடியாது. ஓர் எச்சரிக்கை: ஒரு துளி விழுந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் கிளம்பாமல் பின்னாலேயே பல வட்டங்கள் வருவதைப் பிள்ளைகள் கவனித்துக் கேட்பார்கள். நீர்ப்பரப்பில் வெவ்வேறு அலைநீளம் வெவ்வேறு வேகத்தில் போவது ஒரு காரணம். இரண்டு பரிமாணப் பரப்பில் எந்த அலைக்குமே வால் இருக்கும் என்பது இன்னொன்று. முப்பரிமாண வெளியில் மட்டும் தட்டல் வாலில்லாமல் சுத்தமாகக் கடந்துபோகும். அதனால்தான் கைதட்டல் காதில் ஒரே தட்டலாகக் கேட்கிறது.

தெருவில் சாமி ஊர்வலம் முனை திரும்புவதற்கு முன்பே மேளச்சத்தம் நம்மை எட்டிவிடுகிறது. விளக்குகளோ முனை திரும்பிய பிறகுதான் தெரிகின்றன. நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 5 மீட்டர் அகலச் சந்தின் வாயிலிருந்து அது 43 டிகிரி வரை விரியும். நொடிக்கு 5,000 அதிர்வுள்ள ஒலி ஒரு டிகிரிகூட விரியாது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்புவதும் சேர்ந்து கொள்ளும் என்றாலும், முனைக்கு அப்பால் தவிலின் தொப்பிப் பக்கம் முதலில் கேட்டு, கூர்மையான ஒலிகள் பிறகு தெளிவதற்கு இதுவே முக்கியக் காரணம். பெங்களூரின் மார்கழி விடியலில் தொலைவில் போகும் ரயிலின் ஊதல் பக்கத்தில் போல் கேட்பதும் அலைமுகப்பின் வேலைதான். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடுவதால், அலைமுகப்பின் மேல்பகுதி முந்திக்கொண்டு தரையை நோக்கிக் கவிகிறது. உச்சிவெயிலில் இது தலைகீழாகி, ஒலி மேலே வளைந்து போய்விடும். காற்று ஒளியை இப்படி வளைப்பதற்காக ஹைகென்ஸ் தம் நூலில் தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

2004 டிசம்பர் 26-ஐ நம் மக்கள் மறக்க முடியாது. 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமியின் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து, அலைமுகப்பு கரையைப் பார்த்துத் திரும்பும். சுமத்ராவிலிருந்து பார்த்தால் இலங்கையின் மறைவில் இருந்த அதன் தென்மேற்குக் கரையையும், கேரளத்தில் கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டையும் அது வளைந்து வந்து தாக்கியது. 'நாம் மறைவில்தானே இருக்கிறோம்' என்ற எண்ணம் அலைகளிடம் செல்லாது என்பதை இந்தப் பாடத்தோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

பெங்களூரில் இருந்துகொண்டு இந்தப் பாடத்தை நடத்தும்போது சர் சி.வி. ராமனைச் சொல்லாமல் எப்படி விடுவது? திருச்சியில் பிறந்த அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோது, 1906-இல், வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையே செவ்வகத் துளையில் ஒளியின் விளிம்பு விளைவு (ஓரங்களில் ஒளி வளைந்து விரிவது) பற்றியது. 1935, 36-இல் இந்திய அறிவியல் கழகத்தில் நாகேந்திரநாத்துடன் சேர்ந்து அவர் செய்தது இன்னும் நேரடியாக நம் படத்தோடு சேரும். திரவத்துக்குள் மீயொலி (காதுக்குக் கேட்காத அளவு வேகமாக அதிரும் ஒலி) ஓடும்போது அடர்த்தி வரிவரியாக மாறுகிறது. அதன் குறுக்கே போகும் ஒளியின் நேர் அலைமுகப்பு, அடர்ந்த வரிகளில் பிந்தியும் மெலிந்த வரிகளில் முந்தியும் வெளிவந்து, தகரக் கூரை போல நெளிந்துவிடுகிறது. நெளிந்த அந்த முகப்பிலிருந்து கிளம்பும் சிற்றலைகள் சில திசைகளில் மட்டும் ஒத்துச் சேர்ந்து ஒளிக்கோடுகளாகப் பிரிகின்றன. தண்ணீரில் நொடிக்கு 1 கோடி அதிர்வுள்ள மீயொலியின் அலைநீளம் 0.148 மி.மீ.; சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை அதன் வழியே விட்டால், 1 மீட்டர் தள்ளி வைத்த திரையில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 4 மி.மீ. இடைவெளி இருக்கும். பாடநூலில் ஹைகென்ஸுக்குப் பிறகு இது ஒரு பத்தியாவது இடம்பெற வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அந்தப் படத்தைத் திருத்தி, மாணவர் பக்கத்தில் மறுபடி வெளியிடுங்கள். அ-இ 8.5 செ.மீ., ஆ-இ 6 செ.மீ., வில்லின் ஆரம் 4 செ.மீ. என்று அச்சிலும் அதே அளவில் வரட்டும். சுருக்கிப் போட்டால் பிள்ளைகள் ஸ்கேலை வைத்து அளந்து சரிபார்க்க முடியாது. நடுப்புள்ளியிலிருந்து போடும் 2 செ.மீ. வில்லும் கட்டாயம் இருக்கட்டும். காம்பஸ் முனை ஊன்றிய இரண்டு இடங்களையும் சிறு புள்ளிகளாகக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.